ஏடிஹெச்டியும் என் டிராயிங் டேபிளும்

கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரிகளுக்கும் சின்ன பம்பு கம்பெனிகளுக்கும் டிராயிங் போட்டுத் தருவது என் பிழைப்பு. தனி ஆள்தான், வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர். எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு, மிகைச் சுறுசுறுப்புக் குறைபாடு, இருப்பது நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிய வந்தது. அதுவும் எனக்காகப் போய்த் தெரியவில்லை, மகளுக்காகப் போனோம். அவளைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்த என் மனைவி நடுவில் நிறுத்தி, "இதெல்லாம் இவருக்கும் அப்படியேதானுங்க டாக்டர்" என்றாள். டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஏடிஹெச்டிக்கு மரபணுவின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா அம்மாவில் ஒருவருக்கும் இருப்பது சகஜம்தான் என்று சொல்லி, எனக்கும் ஒரு தேதி கொடுத்துவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எனக்கு ரத்தம் எடுத்தது தைராய்டு பார்க்க. தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம் இதில் எது இருந்தாலும் ஆள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருப்பான், ஆகவே அதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வருவார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறைப்படி பெரியவர்களுக்கு ஐந்து அறிகுறிகளாவது இருக்க வேண்டும், வேலை செய்கிற இடத்தில் மட்டும் என்றில்லாமல் வீட்டிலும் இருக்க வேண்டும், அதில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். அதனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா என் ரேங்க் கார்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். "புத்திசாலி, கவனம் போதாது" என்று வாத்தியார்கள் மாறி மாறி ஒரே வாசகத்தை எழுதியிருந்தார்கள். "கடைக்குப் போடான்னு அனுப்பிச்சா வேடிக்கை பாத்துட்டு வெறுங்கையோட வந்து நிப்பானுங்க" என்று அம்மா சொன்னதை டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

ஏடிஹெச்டி என்றாலே பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையன்தான் பலருக்கு நினைவுக்கு வருவான். அது ஒரு வகை. நான் இன்னொரு வகை, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன், ஓட்டமெல்லாம் மண்டைக்குள். இந்த வகைப் பிள்ளைகளால் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு கிடையாது, அதனாலேயே யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிந்தித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் மகள் ஏழாவதிலேயே மாட்டிக்கொண்டது அவள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

விஷயத்தை யாரிடமாவது சொன்னால் வருகிற முதல் பதில், "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே". இருக்கிறதுதான். பிடிக்காத வேலையை யாரும் தள்ளிப்போடுவார்கள். நான் பிடித்த வேலையையும் தள்ளிப்போடுவேன், பசியோடு உட்கார்ந்து சாப்பாட்டையும் தள்ளிப்போடுவேன். டிராயிங்கை முடித்து அனுப்பி, பார்ட்டியே போன் பண்ணி "நல்லா வந்துருக்குங்க, பில்லை அனுப்புங்க" என்று கேட்ட பிறகும் அந்தப் பில்லை அனுப்பாமல் மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். வர வேண்டியது என் பணம். அனுப்ப ஆகிற நேரம் ஐந்து நிமிடம். எந்தச் சோம்பேறியாவது வீடு தேடி வருகிற பணத்தை வேண்டாம் என்பானா? சோம்பேறிக்கு ஓய்வாவது மிஞ்சும், செய்யாத வேலையின் முன்னால் நாள் முழுக்க மருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவும் மிஞ்சாது.

என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்ததைச் செய்யத் தொடங்குவதில்தான் சிக்கல். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல காலமாகச் சொல்லி வருவது இதுதான். தன்னைத் தானே நடத்திக்கொள்வதில், முக்கியமாகக் காலத்தை உணர்வதில் இருக்கிற குறையாக இதைப் பார்க்க வேண்டும் என்பார். என் காலண்டரில் இரண்டே நாள்தான், இப்போது, இப்போது இல்லை. வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய டிராயிங் திங்கட்கிழமை "இப்போது இல்லை"யில் கிடக்கும். புதன் ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று "இப்போது" ஆகிவிடும். ஆனதும் உடம்பில் ஒரு முறுக்கு ஏறும், அவசரம் சுரக்க வைக்கிற அட்ரினலினும் நாரட்ரினலினும் செய்கிற வேலை அது, பகல் பூராவும் தேடியும் கிடைக்காத கவனம் அப்போது தானாக வந்து உட்காரும். விடிய விடியப் போட்டு முடித்துவிடுவேன். பிரஷர் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும் என்று இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு ரொம்ப நாள் திரிந்தேன்.

அந்தப் பெருமைக்கு விலை உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அந்த அளவுக்குப் பேட்டர்னை, அதாவது மணலில் அச்சு எடுக்கிற மாதிரி உருவை, பெரிதாகச் செய்ய வேண்டும். அப்புறம் லேத்தில் கடைசல் பிடிக்கிற முகங்களுக்கெல்லாம் தனியாக மெஷினிங் அலவன்ஸ், அதாவது கடைந்து எடுப்பதற்கான கூடுதல் தடிமன், விட வேண்டும். பேட்டர்ன் டிராயிங்கில் இதை ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும், ராத்திரி மூன்று மணி மூளை கோட்டை விடுவதும் சரியாக இந்த மாதிரி இடத்தில்தான். ஒரு முகத்தில் 3 மில்லி விட்டுப்போனால் டிராயிங்கில் தெரியாது, பேட்டர்னில் தெரியாது, காஸ்டிங் வந்து லேத்தில் ஏற்றிய பிறகு தெரியும். அதற்குள் உருக்கிய இரும்பு போச்சு, அச்சு கட்டியவர் கூலி போச்சு.

ஆகவே கறாராக ஒரு விதி வைத்தேன். ராத்திரி முடித்த டிராயிங் ராத்திரியே போகாது. காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வோர் அளவையும் டிக் அடித்த பிறகுதான் போகும். பார்ட்டியிடமும் வியாழன் காலை என்று சொல்வதில்லை, வியாழன் சாயந்திரம் என்றுதான் சொல்வேன். கடைசி ராத்திரி வேலை செய்கிறவன் என்பதை மாற்ற முடியவில்லை, சரி, அந்தக் கடைசி ராத்திரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைக்க முடிந்தது. தள்ளிப்போடுவதோடு நான் செய்துகொண்ட சமாதானம் இவ்வளவுதான். அது போகப் போவதில்லை, இருக்கட்டும், அது யாருடைய இரும்பையும் வீணடிக்காதபடி பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் முயன்றதெல்லாம் என்னை வேறு ஆளாக்குகிற முயற்சிகள். ஒவ்வொரு ஜனவரிக்கும் ஒரு டைரி. காலை ஐந்து மணிக்கு எழுவது (எழுந்து, ஐந்து மணியிலிருந்தே தள்ளிப்போடுவது). வேலைகளைப் பட்டியல் போடுகிற ஆப், அதில் கலர் கலராகப் பிரிப்பதிலேயே ஒரு நாள் இன்பமாகப் போய்விடும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமரை வைத்துத் தொடங்கிய பொமொடோரோ முறையையும் விடவில்லை, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. எனக்கு வேலைக்குள் நுழையவே இருபது நிமிடம் ஆகும், நுழைந்த கையோடு மணி அடித்து வெளியே தள்ளிவிடும். ஆனால் மகளுக்கு அது பலிக்கிறது, பத்து நிமிடமாகக் குறைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஒரே வீட்டில் ஒரே மரபணு என்றாலும்.

எனக்குப் பலித்ததில் முதல் இடம் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதற்கு. கணபதி பகுதியில் என் நண்பன் பிளாட்டர் வைத்து டிராயிங் பிரிண்ட் போட்டுத் தருகிற கடை நடத்துகிறான். அங்கே ஒரு மூலையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாடி அறையில் நாள் முழுக்க நகராத வேலை மத்தியானத்துக்குள் நகர்ந்துவிடும். அவன் என்னை ஒன்றும் கேட்பதில்லை, "மாப்ள, டீ சொல்லட்டுமா" என்பதோடு சரி. அவன் அவன் வேலையைச் செய்துகொண்டிருப்பான், அவ்வளவுதான் வேண்டும். இதற்கு பாடி டபுளிங் என்று பெயர் இருப்பதும் உலகம் முழுக்க ஏடிஹெச்டிக்காரர்கள் வீடியோ காலைப் போட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பேசாமல் வேலை செய்வதும் பிறகுதான் தெரிந்தது. சாயந்திரம் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அவளுக்கு எதிரே நான் கொட்டேஷன் போடுவேன். இருவரில் யாருக்கு யார் துணை என்று சொல்ல முடியாது.

இதிலே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்து ஆளாக மனைவியை ஆக்காதீர்கள். உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை, ஞாபகப்படுத்துகிற வேலையை அவர்கள் தலையில் கட்டுவதைச் சொல்கிறேன். "பில் போட்டீங்களா", "கரண்ட் பில் கட்டியாச்சுங்களா" என்று கேட்டுக் கேட்டு அவளே எனக்கு அலாரம் ஆகிப்போனாள், அலாரத்தை யாருக்கும் பிடிக்காது இல்லையா. இப்போது கரண்ட் பில், போன், இன்சூரன்ஸ் எல்லாம் ஆட்டோ பேயில் வங்கியே எடுத்துக்கொள்கிறது. வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்ததற்கு மாத்திரையைவிட இதற்குத்தான் பங்கு அதிகம்.

அடுத்தது வேலையை நிறுத்துகிற விதம். ராத்திரி நிறுத்தும்போது ஒரு பாகத்தை முடித்துவிட்டு நிறுத்த மாட்டேன், வேண்டுமென்றே பாதியில் விடுவேன். பம்பின் வெளிக்கூடான வால்யூட்டின் செக்‌ஷனில் நான்கு தடிமன் போட வேண்டும் என்றால் மூன்றைப் போட்டுவிட்டு நான்காவதை விட்டுவிடுவேன். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்வதில்லை, ஸ்லீப்பில் போட்டுவிடுவேன். கீபோர்டு மேல் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், "செக்‌ஷன் ஏ-ஏ, கீழ்ப் பக்கம், தடிமன் 8 போடு" என்று. காலையில் சீட்டில் இருப்பதைச் செய்ய யோசிக்க வேண்டியதில்லை, எட்டைப் போட்டதும் அடுத்தது கண்ணில் படும், அதற்கடுத்தது தானாக வரும். சீட்டில் "இம்பெல்லர் வேலை" என்று எழுதி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த அளவை எந்த இடத்தில் போட வேண்டும் என்று வேறொருவருக்குச் சொல்கிற மாதிரி எழுத வேண்டும், காலையில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் உண்மையிலேயே வேறொருவர்தான்.

எனக்கு நானே வைத்துக்கொள்கிற கெடு ஒரு நாளும் பலித்ததில்லை. சனிக்கிழமை என்பதைச் செவ்வாய்க்கிழமை என்று நாமே எழுதி வைத்தாலும் அது பொய் என்று நமக்குத் தெரியுமே. ஆனால் இன்னொருவர் கண் படும் என்றால் நடக்கிறது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரி முதலாளி, பெரியவர், இதைத் தற்செயலாகக் கற்றுக் கொடுத்தார். "தம்பி, முழுசா வேண்டாங்க, செவ்வாய்க்கெழமை நான் அந்தப் பக்கம் வர்றேன், என்ன போட்டு வெச்சிருக்கீங்களோ அதைக் காட்டுங்க போதும்" என்றார். செவ்வாய்க்கிழமை பாதி டிராயிங் தயாராக இருந்தது, கெடு சனிக்கிழமை. இப்போது பெரிய வேலை எதுவானாலும் நானே கேட்டு வாங்குகிறேன், நடுவில் ஒருமுறை வந்து அரைகுறையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று. பார்ட்டிகள் இதை அக்கறை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். மெயிலில் முதலில் பில், அப்புறம்தான் டிராயிங். பில் ஃபைலை இணைக்காமல் டிராயிங் ஃபைலை இணைப்பதில்லை. அவசரத்தின் முறுக்கு இன்னும் உடம்பில் இருக்கும்போதே பில்லும் போய்விட வேண்டும், அனுப்பி முடித்த மறு நிமிடம் அந்த வேலை என் மண்டையிலிருந்து அழிந்துவிடும். ஜிஎஸ்டி இன்னும் மோசம். என் கம்பெனிக்காரர்கள் இன்புட் கிரெடிட் (என் பில்லில் கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கேட்பதால் பதிவு எடுத்தாக வேண்டியிருந்தது. மாதாமாதம் 3பி ரிட்டர்னை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். பில்லே போடாத மாதத்துக்கு நில் ரிட்டர்ன், அதற்கும் நாளுக்கு 20 ரூபாய், அதை 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம். ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிப்போட்டு அபராதம் கட்டுகிறவனை எந்த அறிவுரையாலும் திருத்த முடியாது, ஆடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மாதம் அவருக்குக் கொடுக்கிற பணம் நான் கட்டிக்கொண்டிருந்த அபராதத்தைவிட அதிகம், உண்மைதான். மாதக் கடைசியில் தூக்கம் வருகிறது.

ஸ்டான்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் பெரிக்கு 2011-ல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், அது நோபலைக் கிண்டலடித்துக் கொடுக்கிற பரிசு. ஒரு பெரிய வேலையிலிருந்து தப்பிப்பதற்காகவே ஆள் மற்ற வேலைகளையெல்லாம் செய்து முடிப்பான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பது அவர் சொன்னது. கிண்டலோ இல்லையோ, என் அனுபவத்தில் பாதி உண்மை. கொட்டேஷன் போட வேண்டிய நாளில்தான் என் ஃபைல்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை, எதைத் தள்ளிப்போட்டால் காசும் உறவும் கெடுமோ அதைக் கையில் வைத்துக்கொள்ளவே கூடாது, வேறு யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். மாடி அறைக்கு வெள்ளையடிப்பதை எத்தனை வருடம் வேண்டுமானாலும் நான் தள்ளிப்போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இதையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது பதில் போடாத மெசேஜ்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஏதோ கேட்டிருப்பார், அன்றைக்கே போட்டிருந்தால் ஒரு வரி. நான்கு நாள் போனால் ஒரு மன்னிப்பும் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் போனால் மன்னிப்புக்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு கதை, அந்தக் கதையை எழுத இன்னொரு மாதம். கந்துவட்டி மாதிரி, அசல் சின்னது, ஏறுகிறது எல்லாம் வெட்கம். இப்போது எவ்வளவு நாள் ஆகியிருந்தாலும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போடுகிறேன். "பிளாஞ்ச் 6 ஹோல்ங்க, பிசிடி 165", அவ்வளவுதான். அந்தப் பக்கம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஓகே என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் டிமோதி பிச்சிலும் அவர் சகாக்களும் முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். நம் ஊரில் இது தலைகீழாகக் கேட்கும், திட்டினால்தானே திருந்துவான் என்போம். தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கிற பிரச்சினை இல்லை, அந்த வேலையை நினைத்ததும் வருகிற கசப்பிலிருந்து தப்பிக்கிற பிரச்சினை என்கிறார் பிச்சில். திட்டினால் கசப்பு கூடும், கூடினால் இன்னும் தூரம் ஓடுவோம். ரேங்க் கார்டு காலத்திலிருந்து என்னைத் திட்டித் திருத்தப் பார்த்தவர்களுக்கு நான் ஒரு நல்ல ஆதாரம். மகளிடம் இப்போது, முடிக்கலையா என்று கேட்பதில்லை, முதல் கணக்கு எது என்று கேட்கிறோம். நாங்கள் கேட்காத நாளில் அவளே புத்தகத்தைத் திருப்பிக் காட்டுகிறாள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். நான் எடுப்பது மெத்தில்ஃபெனிடேட், காலையில் ஒன்று. மூளையில் டோபமைனும் நாரட்ரினலினும் உடனே உறிஞ்சப்படாமல் கொஞ்ச நேரம் தங்க வைக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் தெரியும், சாயந்திரம் இறங்கிவிடும். பசி குறையும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டமாக்ஸெடின் கொடுப்பார்கள், அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் வருகிற மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், சீட்டோடு போனாலும் எல்லா மெடிக்கலிலும் இருக்காது. தீர்வதற்கு முன்னாலேயே யோசித்து, போன் பண்ணிக் கேட்டு, அலைந்து வாங்க வேண்டும். இது எதுவும் வராதவனுக்குத்தானே அந்த மாத்திரையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

மாத்திரை வேலையைச் செய்து தராது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அது ஏறுகிற நேரத்தில் கையில் போன் இருந்தால் அபாரமான கவனத்தோடு போனைப் பார்ப்போம். அதனால் நான் துண்டுச் சீட்டில் இருக்கிற முதல் அளவைப் போட்டுவிட்டுத்தான் மாத்திரையைப் போடுகிறேன். சரியா தப்பா தெரியாது, டாக்டரிடம் சொன்னேன், போட்டால் சரி என்றார்.

இதைப் படித்துவிட்டு நமக்கும் இருக்குமோ என்று தோன்றினால், ஆன்லைனில் இருக்கிற கேள்வித்தாளோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பீர்களா என்று அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், எல்லாரும் பார்ப்பதில்லை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வையுங்கள், சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அப்புறம், இந்த அப்பாயிண்ட்மெண்ட்டையும் தள்ளிப்போடுவீர்கள், அதனால் போன் பண்ணுகிற வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.